ஒரு நீட்டு, இரண்டு வெட்டு

ஸ்டாப்பிங் என்பது முதலில் கடைக்குத்தான் பெயர். தூரப் பயண பஸ்காரர்கள் "ஸ்டாப்பிங்ல பார்ப்போம்", "ஸ்டாப்பிங்ல சாப்பிட்டுக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கே அது பெயராகிவிட்டது. அவர் மனைவி எல்லாருக்கும் அண்ணி. பைபாஸ் வந்து வண்டிகளெல்லாம் அந்தப் பக்கம் போன பிறகும் இந்த இரண்டு பெயர்களும் அவர்களை விட்டுப் போகவில்லை. ஒரு பஸ்ஸும் நிற்காத இடத்தில் ஸ்டாப்பிங் என்ற பெயரோடு ஒரு மனிதர் ஏழு வருஷமாக உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான். அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் அங்கே ஆள் இல்லை.

கடை பழைய நெடுஞ்சாலையில், ஒரு பாறைக் குன்றைச் சுற்றி வரும் வளைவுக்கு அப்பால் இருந்தது. வண்டி வளைவில் திரும்பும்வரை கடைக்காரர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் டிரைவர்கள் வளைவுக்கு முன்பே ஹார்ன் அடிப்பார்கள். ஒரு நீட்டு நீட்டினால் வண்டி நிற்கப்போகிறது. அதற்குப் பிறகு குட்டையாக எத்தனை வெட்டு வெட்டுகிறார்களோ அத்தனை பேருக்கு உள் அறையில் சாப்பாடு. டிரைவரும் கண்டக்டரும் என்றால் ஒரு நீட்டு, இரண்டு வெட்டு. மாற்று டிரைவரும் இருந்தால் மூன்று வெட்டு. நீட்டாமல் வெறும் வெட்டு மட்டும் கேட்டால், இன்றைக்கு நேரமாகிவிட்டது, நிற்கவில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று பொருள். இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தது தான்தான் என்று ஸ்டாப்பிங் சொல்லுவார். அண்ணி ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

ஹார்ன் கேட்டதும் ஸ்டாப்பிங் கல்லாவை விட்டு எழாமலே "ரெண்டு" என்று உள்ளே குரல் கொடுப்பார். அடுப்படியில் அண்ணி சட்டியில் முட்டையை உடைத்து ஊற்றுவாள். டிரைவர் வண்டியை மரத்தடியில் ஒதுக்கி, சிமென்ட் தொட்டியில் முகம் கழுவி, துண்டால் துடைத்தபடி உள் அறைக்குள் நுழையும்போது ஆவி பறக்கத் தட்டு காத்திருக்கும். உள் அறையில் யாருக்கும் காசு கிடையாது. டிரைவர் வயிறு குளிர்ந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அதில் இருக்கிற அத்தனை பேரும் இறங்கித்தானே ஆக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "எந்த ஊரு இது?" என்று கேட்டுக்கொண்டு இறங்குவார்கள். இது ஊரே இல்லை என்று ஸ்டாப்பிங் பெருமையாகச் சொல்லுவார். பஸ் கிளம்பும்போது கண்டக்டர் விசில் ஊதினால், டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பவர்கள் நாக்கைச் சுட்டுக்கொண்டு ஓடுவார்கள்.

பிறகு குன்றுக்கு அந்தப் பக்கம் பைபாஸ் போட்டார்கள். வளைவு கிடையாது, வழியில் நிறுத்த இடமும் கிடையாது. முதல் ஆறு மாதம் ஸ்டாப்பிங் அசரவில்லை. "அந்த ரோட்ல ஒரு வாய் டீ கிடைக்காது, தானா வருவானுங்க" என்றார். யாரும் வரவில்லை. கடை ஈ ஓட்ட ஆரம்பித்தது. முதலில் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்கும் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். அடுத்து பெட்ரோல் பங்க் மூடியது. எதிரே இருந்த மாடி லாட்ஜின் முதலாளி, ரிசப்ஷனில் ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டபடியே போய்விட்டார்.

ஸ்டாப்பிங் மட்டும் போகவில்லை. தினமும் காலையில் எழுந்து எல்லாக் கட்டடங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். லாட்ஜின் மாடிப்படியில் ஒரு மரம் முளைத்து இரண்டாம் மாடி ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. காற்றில் திறந்துகொண்ட கதவுகளை அவர் சாத்துவார். பங்கில் பம்புகளைப் பிடுங்கிய இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளின் மேல் யாரும் தடுக்கி விழாமல் இருக்க ஒரு கல்லை நகர்த்தி வைப்பார். தடுக்கி விழ அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் யோசித்ததில்லை.

"ரவுண்ட்ஸ் முடிஞ்சுதா? எல்லாரும் சௌக்கியமா?" என்று அண்ணி கேட்பாள்.

"லாட்ஜ்ல ஒரு கண்ணாடி விழுந்திருக்கு" என்று இவர் பொறுப்பாகப் பதில் சொல்லுவார்.

இந்த ஏழு வருஷமும் வீட்டில் அடுப்பு எரிந்தது அண்ணியால்தான். டவுனில் ஒரு தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு கட்டி அனுப்பினாள். அந்தக் கைப்பக்குவம் வாய் வழியாகவே பரவி, டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தேடி ஆள் வந்தது. நோயாளிகளுக்குச் சமைக்கும் கூடத்துக்கு அவள்தான் இனி பொறுப்பு. கீழே வேலைக்கு நாலு பேர். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஒரு அறையும் சமையலறையும் கொண்ட குவார்ட்டர்ஸ். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

ஸ்டாப்பிங்கைச் சம்மதிக்க வைப்பதற்குள் அண்ணிக்குத் தாவு தீர்ந்துவிட்டது. முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றவர், ஒருநாள் "சரி, பார்ப்போம்" என்றார். இந்த மனிதரிடமிருந்து இதற்குமேல் ஒரு வார்த்தை கிடைக்காது என்று தெரிந்த அண்ணி அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பாத்திரங்களை மூட்டை கட்டினாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் பைபாஸ் பாலத்தில் விரிசல் விட்டது.

ஸ்டாப்பிங் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஹார்ன் கேட்டது. ஒரு நீட்டு. இரண்டு வெட்டு. பாதி முகத்தில் நுரையோடு, யோசிக்காமல், "ரெண்டு" என்று உள்ளே குரல் கொடுத்தார். அடுப்படியில் அண்ணியின் கையும் பழக்கதோஷத்தில் சட்டியைத் தேடியது. சட்டி மூட்டைக்குள் இருந்தது. அவர் வாசலுக்கு ஓடி வருவதற்குள் ஒரு லாரி கடையைத் தாண்டிப் போயேவிட்டது. ரோட்டின் நடுவிலிருந்து ஒரு நாய் சாவகாசமாக எழுந்து ஓரத்துக்கு வந்தது. லாரி ஹார்ன் அடித்தது அந்த நாய்க்கு.

ஆனால் அதன் பின்னாலேயே இன்னொரு லாரி. அதற்குப் பின்னால் ஒரு பஸ், நாலைந்து கார்கள். பாலம் சரியாகும்வரை எல்லா வண்டிகளையும் பழைய ரோட்டில் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கிச் சொன்னார். ஸ்டாப்பிங்குக்குத் தலைகால் புரியவில்லை. மிச்ச முகத்தை மழிக்கக்கூட மறந்து, ஏழு வருஷமாகப் பாதியில் நின்ற ஷட்டரை முழுசாகத் தூக்கினார். துரு உதிர்ந்து தலையெல்லாம் கொட்டியது. மூட்டைகளை அவிழ்த்துச் சட்டியை அவரே வெளியே எடுத்தார்.

"ரோடு திரும்பி வந்துடுச்சு" என்றார்.

"ரோடு எங்கேயும் போகல, இங்கேயேதான் கிடக்கு. வண்டிங்க வழி மாறி வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள் அண்ணி. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அதற்கடுத்த நாட்களில் அவர் பட்ட பாடு எதிரிக்குக்கூட வரக்கூடாது. வளைவுக்கு அப்பால் எந்த ஹார்ன் கேட்டாலும் "ரெண்டு" என்றும் "மூணு" என்றும் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தார். உள் அறையில் தட்டுகள் வைக்கப்பட்டன, ஆறிப்போயின, எடுக்கப்பட்டன. இப்போதைய டிரைவர்களுக்கு நீட்டும் தெரியாது, வெட்டும் தெரியாது. குழியைப் பார்த்தால் அடித்தார்கள், முன்னால் போகிறவன் மெதுவாகப் போனால் அடித்தார்கள், சும்மா இருக்கப் பிடிக்காமலும் அடித்தார்கள். யாரும் சாப்பிடாத முட்டைகளை இவர்கள் இருவருமே மூன்று வேளையும் தின்று தீர்த்தார்கள். தீராததை நாய் தின்றது. வாரக் கடைசிக்குள் நாய் உருண்டு திரண்டு, ரோட்டின் நடுவில் இன்னும் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு படுத்தது.

நின்ற வண்டிகளும் இருந்தன. ஸ்டாப்பிங் மேஜையைத் துடைத்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக எதிரே போவார். இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"பாத்ரூம் இருக்கா?"

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சாப்பாடு இருக்கு, டீ இருக்கு" என்று தொடங்குவார். "அதெல்லாம் கையில கட்டி எடுத்துட்டு வந்துட்டோம், பாத்ரூம் மட்டும் சொல்லுங்க" என்பார்கள். அண்ணி பின்பக்கக் கழிப்பறைகளைத் தேய்த்துக் கழுவி, வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். வந்தவர்கள் போய்விட்டுத் திரும்பும்போது அண்ணியைப் பார்த்து நன்றி சொன்னார்கள். ஒருவர் லாட்ஜ் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் மரத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனார். கடையை யாரும் படம் பிடிக்கவில்லை. அதில் ஸ்டாப்பிங்குக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் வேறு மாதிரி ஒரு ஹார்ன் கேட்டது. ஒரு நீட்டு. ஒரே ஒரு வெட்டு. நீட்டில் அவசரம் இல்லை, வெட்டு சுத்தமாக விழுந்தது. ஸ்டாப்பிங் எழுந்து நின்றுவிட்டார். "யாரோ நம்ம ஆளு" என்றார். வளைவிலிருந்து வந்த பஸ், வழி கேட்காமல் நேராக மரத்தடிக்குப் போய், அந்தக் காலத்தில் நிற்கும் அதே கோணத்தில் நின்றது. இறங்கியவர் மீசை; அந்தக் காலத்தில் உள் அறையில் சாப்பிட்ட டிரைவர், மீசையாலேயே வந்த பெயர். மீசை வெளுத்துவிட்டது, ஆனால் முறுக்கு குறையவில்லை.

"கண்டக்டர் எங்கே?" என்றார் ஸ்டாப்பிங்.

"கண்டக்டரா? டிக்கெட்டெல்லாம் ஃபோன்லயே போட்டுக்கறாங்க அண்ணே. நான் ஒத்தை ஆளு. அதான் ஒரு வெட்டு."

மீசை தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு உள் அறைக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டார். ஸ்டாப்பிங் எதிரே உட்கார்ந்து, இனி எப்படியும் பழைய ரோடுதான், உள் அறைக்கு வெள்ளையடிக்கப் போகிறேன், ஃபேன் மாற்றப் போகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். மீசை தட்டிலிருந்து நிமிரவில்லை.

"அண்ணே, திங்கக்கிழமை மத்தியானம் பாலத்தைத் திறக்கறாங்க. எங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"சும்மா சொல்லுவாங்க. பாலம்னா அவ்வளவு லேசா?" என்றார் ஸ்டாப்பிங்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அண்ணி கேட்டாள்: "திங்கக்கிழமை காலைல எந்தப் பக்கம் போவீங்க?"

"டவுனுக்குத்தான் அண்ணி."

"எனக்கு ஒரு சீட்டு வைங்க."

மீசை அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஒண்ணா, ரெண்டா?"

"அவரைக் கேளுங்க" என்றாள் அண்ணி. ஸ்டாப்பிங் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை சத்தம் போடாமல் கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணி தன் துணிகளை மட்டும் பையில் எடுத்து வைத்தாள். அதைப் பார்த்ததும் அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். இத்தனை வருஷத்தில் அவள் அவரை விட்டுவிட்டு எங்கேயும் போனதில்லை.

"கடை இப்பத்தான் திறந்திருக்கு. இந்த நேரத்துல விட்டுட்டுப் போறேங்கறியே" என்றார்.

"எந்தக் கடைங்க? நாய்க்குச் சோறு போடற கடையா?"

"அங்கே வந்து நான் என்ன பண்றது? நீ சமையல்கூடத்துக்குப் போயிடுவே. நான் அறைக்குள்ள உட்கார்ந்துட்டு விட்டத்தைப் பார்க்கணுமா? இங்கேன்னா நாலு பேருக்கு என்னைத் தெரியும்."

"எந்த நாலு பேருங்க?"

அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, மீசையோடு நின்றுவிட்டார். அண்ணிக்கும் அதைக் கேட்டிருக்க வேண்டாமோ என்று இருந்திருக்க வேண்டும், குரலைத் தணித்தாள்.

"இதோ பாருங்க. நான் வந்த நாள்லேர்ந்து யாரோ ஹார்ன் அடிப்பான், நீங்க நம்பர் சொல்லுவீங்க, நான் தட்டு வைப்பேன். நமக்குன்னு ரெண்டு தட்டு வெச்சு ஒருநாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கமா? கூட்டம் இருந்தப்ப நேரமில்ல, சரி. மூடி ஏழு வருஷம் ஆச்சு. இப்பவும் நீங்க கல்லால உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிடறீங்க. நான் அடுப்படில நின்னுக்கிட்டே சாப்பிடறேன். வண்டி வந்துடுமாம்."

 அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் மீசையின் பஸ் வந்து நின்றது. அண்ணியின் பையை ஸ்டாப்பிங்தான் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார். குண்டானில் சோறு இருக்கிறது, முட்டை கூடையில் இருக்கிறது, கேஸை மூட மறந்துவிடாதீர்கள் என்றாள்.  கடைசி நிமிடத்தில் இறங்கிவிடுவாள் என்று அவர் உறுதியாக நம்பினார். கோபத்தில் ஏறியிருக்கிறாள், எஞ்சின் உறுமியதும் மனசு கேட்காமல் இறங்குவாள், நாமும் ரொம்பப் பிகு பண்ணாமல் பையை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பிவிட்டது. அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கல்லாவில் வந்து உட்கார்ந்தார். கடைக்கு டவுன் பக்கத்திலும் ஒரு வளைவு உண்டு; பஸ் அதில் திரும்பி மறைந்தது. அடுப்படியில் சத்தம் இல்லாததைக் கவனித்தார்.  அவருக்கு அழுகைதான் வந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை.

அப்போது ஹார்ன் கேட்டது. ஒரு நீட்டு. இரண்டு வெட்டு.

"ரெண்டு" என்று அவர் உள்ளே குரல் கொடுத்தார். உள்ளே யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும், தானே எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்தார். எடுத்த பிறகுதான் உறைத்தது. ஹார்ன் வந்தது டவுன் பக்கத்து வளைவிலிருந்து. அது போகிற வண்டி. போகிற வண்டி எங்காவது சாப்பாடு சொல்லுமா? அடித்தது மீசையின் கை என்பதில் சந்தேகமில்லை, அத்தனை சுத்தமான வெட்டு. ஆனால் மீசை ஒற்றை ஆள், அவருக்கு ஒரு வெட்டுதான். இரண்டு வெட்டு அவர் சொன்னதல்ல. யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். எத்தனை ஆயிரம் பேர் வளைவுக்கு அப்பாலிருந்து சாப்பாடு சொல்லி, அவள் எடுத்து வைத்திருக்கிறாள். அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஸ்டாப்பிங் கேஸை மூடினார். சோற்றையும் முட்டைகளையும் நாயின் முன்னால் வைத்தார். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, ஒரு பையில் இரண்டு வேட்டியையும் சட்டையையும் திணித்துக்கொண்டு, தட்டுகள் அதில் அடங்காததால் அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றார். எதிரே லாட்ஜின் கதவு மறுபடியும் திறந்து கிடந்தது. போய்ச் சாத்திவிட்டு வரலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தவர், வேண்டாம் என்று நின்றுகொண்டார்.

பாலம் திறக்கும் நேரம் நெருங்கியதாலோ என்னவோ, வண்டிகள் குறைந்துவிட்டிருந்தன. ஒரு கார் வந்தது, போனது. ஒரு லாரி வந்தது, அதுவும் போனது. எத்தனையோ வண்டிகள் தானாக வந்து நின்ற வாசலில் நின்றுகொண்டு, தான் இதுவரை ஒரு வண்டிக்கும் கையைக் காட்டியதே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அடுத்து வந்த தண்ணீர் லாரிக்குக் கையை நீட்டினார். அது கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றது. தட்டுகள் சலசலக்க ஓடிப் போய் ஏறினார்.

"எங்க போகணும் பெரியவரே?"

"டவுன் ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. சாப்பிடப் போறேன்."

டிரைவர் அவரையும் கக்கத்தில் இருந்த தட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று கியரைப் போட்டார். வளைவு நெருங்கியது.

"தம்பி, இங்கே சின்னதா ரெண்டு ஹார்ன் அடிங்க. நீட்ட வேண்டாம்."

"ஏன், குறுக்கே நாய் வருமா?"

"வரும்" என்றார் ஸ்டாப்பிங், பின்னால் மறையும் கடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

டிரைவர் இரண்டு முறை அடித்தார்.